டிஆர்எல் கோளாறு: அறிகுறியைப் பார்த்து வயரைத் தேடுவது

போன மாரிக்குச் சற்று முன்னர் ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி தன் பழைய கொரோலாவை மட்டக்களப்புக் கல்லடியில் நான் வண்டி வயரிங் பார்க்கும் வளவுக்குக் கொண்டுவந்தார். முன் பம்பரில் புதிதாக இரண்டு வெள்ளை எல்இடி பட்டைகள். "அண்ணன், பகல்ல எரியிற லைட் எண்டுதான் பூட்டினது. பகல்ல செத்துக் கிடக்கு, ராவைக்கு டிம் போட்டாத்தான் பத்துது" என்றார். பூட்டிய இடத்தில் கேட்டதற்கு, பட்டை பழுது, வேறு வாங்கு என்றார்களாம். பட்டையில் ஒரு பழுதும் இல்லை. ஹெட்லைட் போட்டாயிற்று என்று பட்டைக்குச் சொல்லும் மூன்றாவது வயரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தான் பிழை.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த காரையே புதுசு மாதிரிக் காட்ட எல்லோரும் பிரயாசைப்பட்டார்கள். அதற்குச் செலவு குறைந்த வழி டிஆர்எல், அதாவது பகலில் எரியும் இந்த முன் லைட். அப்படிப் பூட்டியவற்றின் கோளாறுகள்தான் இப்போது என் வளவுக்கு ஒவ்வொன்றாக வருகின்றன. நான் கண்டவற்றை, வண்டிக்காரர் வந்து சொல்லும் வார்த்தையிலேயே கீழே எழுதுகிறேன்.

முதலில், அந்த லைட் செய்ய வேண்டியது என்ன என்பதில் தெளிவு வேண்டும். திறப்பைத் திருப்பினால் எரிய வேண்டும். ஹெட்லைட் போட்டால் அணைய வேண்டும், அல்லது பார்க் லைட் அளவுக்கு மங்க வேண்டும். திறப்பை எடுத்தால் மிச்சமில்லாமல் அணைய வேண்டும். ஐரோப்பாவில் 2011 பெப்ரவரி 7 முதல் புதிய ரகக் கார்களுக்கு டிஆர்எல் கட்டாயம். அங்குள்ள விதியும் இதைத்தான் கேட்கிறது. நிறம் வெள்ளை, ஒளி 400 முதல் 1200 கண்டெலா. பகல் வெயிலில் தெரிவதற்கான அளவு அது. களுவாஞ்சிகுடிப் பக்கம் இரவில் எதிரே சைக்கிளில் வருகிற மனிதரின் கண்ணில் அதே 1200ஐ அடித்தால் அவர் வாய்க்காலுக்குள்தான் இறங்குவார்.

இன்னொன்று, இது என் பிடிவாதம்: ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை நான் வெட்டுவதில்லை, அதில் பாரம் ஏற்றுவதுமில்லை. வாழைச்சேனை தாண்டித் திருகோணமலைப் பக்கம் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், சூடான தாரில் மாடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். அழகுக்குப் பூட்டிய சாமான் ஒன்றால் அந்த இடத்தில் டிம் நின்றுபோகக் கூடாது.

"பகலில் எரியாது, டிம் போட்டால் எரியுது"

தம்பியின் கொரோலாவுக்கு வருவோம். அதன் ஹெட்லைட்டில் இருப்பது எச்4 பல்ப். அதற்கு மூன்று கால். டிம்முக்கு (கீழே அடிக்கும் ஒளி) ஒன்று, பிரைட்டுக்கு (தூரத்துக்கு அடிக்கும் ஒளி) ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பொதுக்கால் ஏர்த், மற்ற இரண்டுக்கும் பிளஸ் வரும் என்று நினைத்துத்தான் பலரும் வேலை செய்கிறார்கள். பல கார்களில் அது சரி. பழைய டொயோட்டாக்களில் நிறைய இதற்கு நேர்மாறு. பொதுக்காலுக்குப் பிளஸ் வரும். ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்ச் டிம் காலையோ பிரைட் காலையோ ஏர்த்தில் சேர்க்கும். மைனஸ் பக்கம் சுவிட்ச் ஆகும் வயரிங் என்று இதைச் சொல்வார்கள்.

அந்தக் காரில் பொதுக்காலில் எந்நேரமும் 12 வோல்ட் நின்றது. லைட் எல்லாம் அணைந்திருக்கும்போதும் அந்த 12 வோல்ட் பல்பின் இழை வழியாக வந்து டிம் காலில் நிற்கும். கரண்ட் ஓடாது, பல்ப் எரியாது, ஆனால் மீற்றரை வைத்தால் 12 காட்டும். டிஆர்எல் கிட்டின் (பட்டையும் அதன் பெட்டியும் வயரும் சேர்ந்தது) மூன்றாவது வயருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன்னிடம் 12 வோல்ட் வந்தால் ஹெட்லைட் போட்டாயிற்று, அணைந்துகொள்ள வேண்டும். அதை டிம் காலில் சேர்த்திருந்தார்கள். பகல் முழுக்க அது 12ஐப் பார்த்து அணைந்தே கிடந்தது. டிம் போட்டதும் அந்தக் கால் ஏர்த்துக்குப் போய் 0 ஆனது, உடனே எரிந்தது. கிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இதற்கு ஒரு தம்பிமுறைக் கோளாறும் உண்டு. பகலில் ஒழுங்காக எரியும், டிம் போட்டாலும் அணையாது, பிரைட் போட்டால் மட்டும் அணையும். லைட் சுவிட்சைப் போட்டால்தான் பொதுக்காலுக்குப் பிளஸ் வரும் வண்டிகளில் இப்படி நடக்கும். டிம் எரியும்போது டிம் கால் 0. பிரைட்டுக்கு மாற்றினால், எரியாத டிம் இழை வழியாக 12 வந்து அதே காலில் நிற்கும். காரணம் ஒன்றே.

சோதிக்கும்போது இரண்டு பக்கப் பிளக்கையும் பல்பில் இருந்து கட்டாயம் கழற்ற வேண்டும். பல்ப் மாட்டியிருந்தால் மேலே சொன்ன இழை வழி வோல்ட் உங்களையும் ஏமாற்றும். கழற்றிய பிளக்கில் டிம்மைப் போட்டுவிட்டு, மல்டிமீற்றரின் கறுப்பைப் பற்றரி மைனஸில் வைத்து, சிவப்பால் மூன்று குழியையும் தொடுங்கள். டிம் குழியிலேயே 12 வந்தால் பிளஸ் பக்கச் சுவிட்ச், பயமில்லை. பொதுக்குழியில் மட்டும் 12 வந்தால் சிவப்பைப் பற்றரி பிளஸுக்கு மாற்றி, கறுப்பால் டிம் குழியைத் தொடுங்கள். இப்போது 12 காட்டினால் டிம் குழி ஏர்த்தில் நிற்கிறது. மைனஸ் பக்கச் சுவிட்ச் என்பது உறுதி. வெறும் டெஸ்ட் லாம்பை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். ஏழு வோல்ட்டுக்கும் பன்னிரண்டுக்கும் அது வித்தியாசம் சொல்லாது.

சரி, தீர்வு? மூன்றாவது வயரை எச்4 பிளக்கில் இருந்து கழற்றி, பார்க் லைட்டின் பிளஸ் வயரில் சேர்த்தேன், அவ்வளவுதான். ஹெட்லைட் மைனஸ் பக்கம் சுவிட்ச் ஆனாலும், நான் பார்த்த டொயோட்டாக்களில் பார்க்குக்குப் பிளஸ்தான் வந்தது. ஆனாலும் மீற்றரால் தொட்டுப் பார்த்துவிட்டே சேருங்கள். சுவிட்சின் முதல் படியிலேயே டிஆர்எல் அணைந்துவிடும், மாலை மங்கலுக்கு அது நல்லதும்கூட.

மூன்றாவது வயர் இல்லாத மலிவுப் பட்டை என்றால் ஐந்து கால் ரிலே (கரண்டால் இழுபடும் சுவிட்ச்) ஒன்று போதும். கீழே வரும் எண்கள் அதன் கால்களின் எண்கள். 30க்குத் திறப்பு போட்டால் வரும் பிளஸ், 3 ஆம்பியர் பியூஸ் வழியாக. 87ஏயில் இருந்து பட்டையின் சிவப்பு. 86க்குப் பார்க் லைட் வயர், 85 ஏர்த். பார்க் அணைந்திருக்கும்போது 30ம் 87ஏயும் தானாகச் சேர்ந்திருக்கும், பட்டை எரியும். பார்க் போட்டதும் ரிலே இழுத்து 87ஏயை விடும். 87 சும்மா கிடக்கட்டும், ஆனால் அதன் தலையை மூடிவிடுங்கள். ரிலேயின் சுருள் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், பார்க் வயருக்கு அது பாரமே இல்லை.

"திறப்பை எடுத்த பிறகும் எரியுது, காலையில் பற்றரி இல்லை"

இரண்டு பட்டையும் சேர்ந்து 1 ஆம்பியர் எடுத்தால் பத்து மணித்தியாலத்தில் 10 ஆம்பியர் மணி போய்விடும். சின்னக் காரின் பற்றரி 35 ஆம்பியர் மணி அளவு. வயதான பற்றரியாக இருந்தால் காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்ற சத்தத்தோடு நிற்கும்.

பெரும்பாலும் சிவப்பு வயரை நேரே பற்றரியில் மாட்டியிருப்பார்கள். சில கிட்டுகள் அப்படி மாட்டவே செய்யப்பட்டவை. பற்றரி வோல்ட்டேஜ் 13க்கு மேல் போனால் எஞ்சின் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு எரியும், கீழே வந்தால் அணையும். பழைய ஆல்டனேற்றர் வண்டியில் இது சுமாராக ஓடும். எஞ்சினை நிறுத்திய பின்னும் பற்றரியின் மேல்சார்ஜ் இறங்கும்வரை சில நிமிடம் எரிந்துவிட்டு அணையும். அது பழுதில்லை.

சிக்கல் புதிய வண்டிகளில். கல்முனையில் இருந்து வந்த ஒரு நானாவின் வாகன் ஆரில் டிஆர்எல் போகிற போக்கில் அணைந்து அணைந்து எரிந்தது. "பிரேக் அடிச்சா எரியுது, அக்ஸிலேட்டர் மிதிச்சா நூருது" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. அந்த வகைச் சுசுக்கிகளில் பெற்றோலை மிச்சம் பிடிக்க, வேகம் குறையும்போதுதான் ஆல்டனேற்றர் நன்றாகச் சார்ஜ் பண்ணும். மற்ற நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். கிட் அதைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்டில் ஆல்டனேற்றரே இல்லை. பெரிய பற்றரியில் இருந்துதான் 12 வோல்ட் பற்றரிக்குச் சார்ஜ் வருகிறது. அதனால் எஞ்சின் ஓடாமல் ரெடியில் நிற்கும்போதும் எரியும். வோல்ட்டேஜ் பார்க்கும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் திறப்பு வழிப் பிளஸைக் கொடுப்பதுதான் இவற்றுக்கு முடிவு.

அந்தப் பிளஸைப் பியூஸ் பெட்டியில் இருந்து, பியூஸோடு சேர்த்துச் செருகும் கிளையால் எடுங்கள். வைப்பர் மாதிரியான வழியைத் தேடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கொம்பியூட்டர் பியூஸ்களின் பக்கமே போக வேண்டாம். ரேடியோ பியூஸில் எடுத்தால் ஸ்டார்ட் அடிக்கும்போது ஒருதடவை அணைந்து எரியும், அது பரவாயில்லை. ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தால் லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

"திறப்பு போட்டாலே மீற்றர் லைட் மங்கலா எரியுது"

பகலிலேயே டாஷ்போர்டு மீற்றரின் வெளிச்சம், பின்பக்கப் பார்க், நம்பர் பிளேட் லைட் எல்லாம் லேசாக எரிந்தால் டிஆர்எல்லில் இருந்து கரண்ட் பின்வழியாகப் பார்க் வயருக்குள் போகிறது. மலிவுக் கிட்டின் உள்ளே சிவப்புக்கும் மூன்றாவது வயருக்கும் இடையில் தடுப்பு ஒன்றும் இருக்காது. மூன்றாவது வயரைக் கழற்றிப் பாருங்கள்; மீற்றர் லைட் நின்றால் குற்றவாளி அதுதான். அந்த வயரின் நடுவில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் 1என்4007 டயோட் ஒன்று வையுங்கள். வெள்ளைக் கோடு கிட்டின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் ஒன்றும் எரிந்துபோகாது, டிஆர்எல் ராவில் அணையாது, அவ்வளவுதான்.

இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று: எல்லாம் அணைந்த பிறகும் எல்இடி பேய் மாதிரி மினுங்குவது. எல்இடிக்கு மினுங்கச் சில மில்லிஆம்பியர் போதும். பட்டையின் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அந்தக் கசிவை அது குடித்துவிடும். மினுக்கம் அதன் பிறகும் கண்ணுக்குத் தெரிந்தால் கசிவு பெரியது. மூடி மறைக்காமல் தேடுங்கள்.

"ஒரு பக்கம் மட்டும் மங்கல்" / "சிக்னல் போட்டால் அதுவும் கண்சிமிட்டுது"

ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நம் ஊரில் இந்த அறிகுறிக்கு நான் வேறு எதையும் யோசிப்பதற்கு முதல் ஏர்த்தைத்தான் பார்ப்பேன்.

டிஆர்எல்லை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பட்டையின் கறுப்பு வயர் இணைப்பிலும் மறுமுனையைப் பற்றரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை, ஒன்று என்று காட்டினால் ஏர்த் கெட்டுவிட்டது. பெயின்ட் மேலேயே ஆணியை இறுக்கியிருப்பார்கள். அல்லது பக்கத்தில் வசதியாக இருந்த சிக்னல் லைட்டின் ஏர்த்தில் செருகியிருப்பார்கள். அந்தப் பொது ஏர்த் கறள் பிடித்தால் சிக்னலின் 21 வாட் கரண்ட் போக வழியில்லாமல் டிஆர்எல்லைத் தொந்தரவு செய்யும், இரண்டும் சேர்ந்து கண்சிமிட்டும். சில கிட்டுகளில் சிக்னல் போட்டால் வெள்ளை அணைந்து மஞ்சள் ஓடுவது அதன் வடிவமைப்பு. அதைக் கோளாறு என்று அவிழ்த்துவிடாதீர்கள்.

திருக்கோவில் வண்டி ஒன்று. கடலுக்குப் பக்கத்து வளவில் நிற்பது. வலப்பக்கப் பட்டை வெயில் நாளில் எரியும், மழை பெய்த மறுநாள் எரியாது. வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று ரேடியேற்றருக்கு முன்னால், தண்ணீர் தெறிக்கிற இடத்திலேயே இருந்தது. திறந்தேன். உள்ளே செம்பு இல்லை. பச்சைக் களிம்புதான் மாவாக உதிர்ந்தது. இருபது இழையில் நாலைந்துதான் பிடித்துக்கொண்டிருந்தன, கிளிப்பின் தகடு மற்றவற்றை அறுத்துவிட்டிருந்தது. டேப் சுற்றியிருந்தார்கள்தான். வெயிலில் பசை உருகி, டேப் வாழைச்சருகு மாதிரி அவிழ்ந்து தொங்கியது. வயரைப் பின்னால் வெட்டிக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரம் போன பிறகுதான் பளபளக்கிற செம்பு வந்தது; அதுவரைக்கும் உறைக்குள் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது.

ஆகவே கிளிப் வேண்டாம். நல்ல கிரிம்ப் போட்டு, உள்ளே பசை உள்ள சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். இணைப்பின் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், வயர் ஒரு சின்ன வளைவாகத் தொங்கி ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஏர்த்துக்குப் பாடியில் தனி இடம், பெயின்டைச் சுரண்டி வெள்ளிரும்பு தெரிந்த பிறகு வளையம் வைத்து இறுக்கி, மேலே கிறீஸ்.

"மூன்று மூன்றாக எல்இடி சாகுது"

12 வோல்ட் பட்டையில் வெள்ளை எல்இடிகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகத் தொடுத்து, ஒவ்வொரு தொடுப்புக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். மூன்றும் சேர்ந்து ஒன்பதரை வோல்ட் எடுக்கும். சரியாக 12 கொடுத்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது இரண்டரை. எஞ்சின் ஓடும்போது 14.4 என்றால் மிஞ்சுவது ஏறக்குறைய ஐந்து, அதாவது கரண்ட் இரட்டிப்பு. கச்சான் காற்றுக் காலத்து உச்சி வெயிலில், சூடான பம்பரில், இரட்டிப்புக் கரண்டில் அது எத்தனை நாள் தாங்கும்? வீட்டு அலங்காரப் பட்டையை வண்டிக்குப் பூட்டினால் முடிவு இதுதான். கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் உள்ள, வாகனத்துக்கென்றே செய்த பட்டையை வாங்குங்கள். அலுமினிய முதுகு உள்ளதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

"பியூஸ் போகுது"

போட்டவுடனே போனால் எங்கோ சிவப்பு பாடியில் தொடுகிறது. பொனட் மூடும் இடத்தையும் ரேடியேற்றர் தாங்கியின் கூர்விளிம்பையும் முதலில் பாருங்கள். மேட்டில் குலுங்கும்போது மட்டும் போனாலும் அதே இடம்தான். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"பட்டை வேண்டாம், பிரைட் பல்பையே மங்கலா எரியவிடலாம்தானே?"

இது கோளாறு இல்லை, ஆனால் கோளாறாக வந்து சேர்வது. கனடாவில் 1989 டிசம்பரில் இருந்து புதிய வண்டிகளுக்கு டிஆர்எல் கட்டாயம். அங்கே போன பல வண்டிகள் இரண்டு பிரைட் இழைகளையும் தொடராக இணைத்து, ஆளுக்கு 6 வோல்ட் அளவில் எரியவிட்டன. பாதி வோல்ட் கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று எண்ண வேண்டாம், பத்தில் ஒரு பங்குதான் வரும். பகலுக்கு அது போதும். பல்பும் நீண்ட நாள் இருக்கும். அழகான யுக்திதான்.

ஆனால் அதை இங்கே பழைய டொயோட்டாவில் செய்யப் போனால் மைனஸ் பக்கச் சுவிட்ச் முன்னால் வந்து நிற்கும். இரண்டு பல்பின் பொதுக்காலும் ஒரே பிளஸில் கட்டியிருக்க, தொடராக்க ஒரு பக்கத்தைப் பிரித்தே ஆக வேண்டும். ஹெட்லைட் வயரை வெட்டாமல் இது நடக்காது. ஒரு ரிலே கறள் பிடித்தால் பிரைட்டோடு டிம்மும் போகலாம். ரெசிஸ்டர் வைத்து மங்கலாக்குவது அதைவிட மோசம். கொதிக்கும் அந்தச் சாமானைப் பிளாஸ்டிக்கில் கட்டிவைத்து, உருகும் வாசத்தோடு ஒரு வண்டி சம்மாந்துறையில் இருந்து வந்து சேர்ந்தது. ஹெட்லைட்டில் எல்இடி பல்ப் மாற்றியிருந்தால் பேச்சே இல்லை, 6 வோல்ட்டில் அதன் டிரைவர் துடிக்கும், அல்லது எரியவே எரியாது. என்னிடம் கேட்டு வந்தவர்களைப் பட்டை பூட்டச் சொல்லித்தான் அனுப்பினேன்.

"டிஆர்எல் எரிந்தால் ரேடியோ இரையுது"

டிரைவர் பெட்டி கரண்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த இரைச்சல் வயரையே ஏரியலாக வைத்து வெளியே போகும். பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தே ஒரு பெரைட் வளையத்தில் மூன்று நாலு சுற்றுச் சுற்றுங்கள். ஏரியல் வயர் ஓடும் பக்கத்தில் இருந்து பெட்டியை மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள். கொழும்பு நிலையங்கள் தெளிவாகக் கேட்டு, தூரத்து நிலையத்தில் மட்டும் லேசாக இரைந்தால் விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் இரைந்தால் பெட்டியே மட்டம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள், பெட்டி உறையைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தால்.